குளிர் காத்த மரக்கலம்



சில வாரங்களுக்கு முன்னர் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு நெய்தல் திணை பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். பேச்சு கொற்கை முத்திலே தொடங்கி மன்னார்க் கடலிலே வந்து நின்றது. இடுப்பிலே கயிறும் காலிலே கல்லுமாக, ஒரே மூச்சில் கடலடிக்குச் சென்று சிப்பி அள்ளிவந்த எமது சுழியோடிகளைப் பற்றிச் சொன்னேன். அப்போது பின்வரிசையிலிருந்த ஒரு மாணவன் எழுந்து, "சேர், எங்கட கடல் சூடு. பனிக்கட்டி மிதக்கிற கடலிலயும் ஆக்கள் சுழியோடுகினமாம். அங்க முத்தும் இல்லை, சங்கும் இல்லை. அந்தக் குளிருக்குள்ள அவை எதைத் தேடிப் போகினம்?" என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. எனக்கு உடனே விடை சொல்ல முடியவில்லை. அன்று வீடு திரும்பியபின் பழைய நூல்களைப் புரட்டினேன். அந்தத் தேடலிலே கிடைத்த ஒரு வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். அது ஒரு கப்பலின் கதை. அந்தக் கப்பலைத் தேடி ஒரே குளிர்நீருக்குள் முந்நூறு ஆண்டு இடைவெளியில் இருமுறை இறங்கிய மனிதரின் கதை என்றும் சொல்லலாம்.

சுவீடன் நாட்டின் தலைநகரம் ஸ்டொக்ஹோம். 1628 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 10 ஆந் திகதி, அந்நகரத் துறைமுகத்திலிருந்து 'வாசா' என்னும் புதிய போர்க்கப்பல் தன் முதற் பயணத்தைத் தொடங்கிற்று. இரண்டாம் குஸ்தாவ் அடொல்ப் மன்னனின் பெருமையைப் பறைசாற்றக் கட்டப்பட்ட கப்பல் அது. இரு தட்டுகளிலே பீரங்கிகள், மொத்தம் 64. உடலெங்கும் சிங்கங்களும் வீரர்களும் தேவதைகளுமாக நூற்றுக்கணக்கான மரச் சிற்பங்கள். ஆனால் மேற்பாரம் மிகுந்து, அதற்கேற்ற அடிப்பாரம் அமையாத கப்பல். ஏறத்தாழ 1300 மீற்றர் தூரமே சென்றிருக்கும். ஒரு காற்று வீச்சிலே சரிந்தது. திறந்திருந்த பீரங்கி வாயில்களால் நீர் புகுந்தது. கரையிலே வழியனுப்ப வந்தோர் பார்த்துக்கொண்டிருக்கவே, 32 மீற்றர் ஆழத்தில் அது அமிழ்ந்து போயிற்று. சுமார் முப்பது பேர் அதனோடு மாண்டனர். விசாரணை நடந்தது, எவரும் தண்டிக்கப்படவில்லை.

கப்பல் போனாலும் பீரங்கிகள் பெறுமதியானவை. வெண்கலத்தால் வார்க்கப்பட்டவை. பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ஆயிரம் கிலோவுக்கு மேல். அவற்றை எடுப்பதற்காக 1660 களில் அல்பிரெக்ட் பொன் ட்ரைலேபன் என்னும் சுவீடன் நாட்டவரும், அன்ட்ரியாஸ் பெக்கல் என்னும் ஜெர்மானியரும் முன்வந்தனர். அவர்களிடமிருந்த கருவி, சுழியோடி மணி. ஈயத்தாற் செய்த ஒரு பெரிய மணியைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். கவிழ்த்த குவளையை நீருக்குள் அமுக்கினால் உள்ளே வளி சிறைப்பட்டு நிற்பதை நாம் அறிவோம். அதே தத்துவந்தான். மணியின் கீழே தொங்கும் ஒரு தட்டிலே சுழியோடி நிற்பான். அவனுடைய தலையும் தோளும் மணிக்குள் இருக்கும் வளியிலே, கீழுடல் நீரிலே. கையிலே கொளுக்கி பூட்டிய ஒரு நீண்ட கோல். விளக்கில்லை. தடவித் தடவியே பீரங்கியைக் கண்டுபிடித்துக் கயிறு பூட்ட வேண்டும்.

அந்தக் காலத்திலே வடதுருவப் பகுதிகளைப் பார்க்கப் புறப்பட்ட பிரான்செஸ்கோ நெக்ரி என்னும் இத்தாலியப் பாதிரியார் ஒருவர் ஸ்டொக்ஹோமிலே தங்கினார். 1663 ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் அவர் இந்த வேலையை நேரிலே பார்த்து எழுதி வைத்தார். தோலுடை தரித்த சுழியோடி இறங்கியதையும், மேலே வந்தபோது அந்தக் குளிர்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த அந்த உரமான மனிதன் வெடவெடவென்று நடுங்கியதையும் அவர் விவரிக்கின்றார். இதிலே சுவையான விடயம் என்னவென்றால், அதைக் கண்ணாரக் கண்ட பின்னரும் பாதிரியாருக்குத் தாமும் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டுமென்ற ஆசை உண்டாயிற்று. குளிர் உடம்புக்கு ஆகாது என்று சொல்லி மற்றையோர் அவரைத் தடுத்துவிட்டனர்.

எங்கள் மாணவன் கேட்ட கேள்வியின் இரு பக்கங்களும் இந்தச் சிறு நிகழ்ச்சியிலே அடங்கியிருக்கின்றன. குளிர்நீர் மனிதனை விரட்டுகின்றது. அதே நேரத்தில் அவனை அழைக்கவும் செய்கின்றது. நடுங்கிக்கொண்டே அந்த மனிதர்கள் வேலை செய்தனர். 64 பீரங்கிகளுள் ஐம்பதுக்கு மேற்பட்டவற்றை மீட்டெடுத்தனர். அதன் பின்னர் வாசா மறக்கப்பட்டது.

குளிர்நீர் உடலுக்கு என்ன செய்கின்றது என்பதைச் சற்று விளங்கிக் கொள்வது நல்லது. எமது கடல்நீர் பெரும்பாலும் 28 பாகை அளவிலே இருக்கும். ஸ்டொக்ஹோம் துறைமுகத்தின் அடியிலோ நான்கைந்து பாகைதான். நீர், வளியை விட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு விரைவாக உடலின் சூட்டைக் கவர்ந்து செல்லும். பாதுகாப்பின்றி இறங்குபவனுக்கு முதல் நிமிடத்திலேயே மூச்சு முட்டும். அவன் விரும்பாமலே வாய் திறந்து வளியை இழுக்கப் பார்க்கும். அடுத்ததாக விரல்கள் மரத்துப் போகும். முடிச்சை அவிழ்க்கவோ ஆணியைப் பிடிக்கவோ முடியாது. பிறகு நடுக்கம். அதன் பின்னர் வருவதுதான் மிக ஆபத்தானது. அறிவு மந்தமாகி, தனக்கு ஆபத்து வந்திருக்கின்றது என்பதையே உணராத நிலை.

ஆழத்திலே இன்னொரு சிக்கலும் உண்டு. 32 மீற்றரில் அமுக்கம் மேற்பரப்பில் உள்ளதைப் போல் நான்கு மடங்குக்கும் அதிகம். அந்த அமுக்கத்திலே சுவாசிக்கும் வளியிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசைகளிலும் கரைகின்றது. மேலேறும்போது அது மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். உடல் குளிர்ந்து, இரத்த ஓட்டம் சுருங்கினால் அந்த வெளியேற்றம் தாமதமாகும். குமிழிகள் தோன்றி மூட்டு நோவிலிருந்து முடக்குவாதம் வரை கொண்டு வரலாம். ஆகவே குளிரிலே வேலை செய்யும் சுழியோடி மேலே வர அவசரப்படவும் கூடாது; கீழே நெடுநேரம் தாமதிக்கவும் கூடாது.

மனிதன் இந்தக் குளிரை வெல்லக் கருவிகளைத் தேடினான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே செம்புத் தலைக்கவசமும், இறப்பர் பூசிய கன்வஸ் உடையும், ஈயக் காலணியும் வந்தன. உள்ளே கம்பளி உடைகளை அடுக்கடுக்காக அணிவர். மேலிருந்து குழாய் வழியாக வளி வரும். பாரம் மிகுதி, நடை மெதுவானது. ஆயினும் உடல் நனையாது.

பின்னர் 1943 இல், ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த பிரான்சிலே, ஜாக் கூஸ்தோ என்னும் கடற்படை அதிகாரியும் எமில் கானியன் என்னும் பொறியியலாளரும் சேர்ந்து, முதுகிலே சுமக்கும் வளி உருளையையும் மூச்சு இழுக்கும்போது மட்டும் வளி தரும் கருவியையும் உருவாக்கினர். குழாயும் கயிறுமின்றி மனிதன் மீனைப்போல நீந்தத் தொடங்கினான். ஆனால் குளிர் அவனை விடவில்லை. அமுக்கப்பட்ட வளி விரியும்போது தானே குளிரும். உறைநிலைக்கு அருகிலுள்ள நீரில் அந்தக் கருவிக்குள்ளேயே பனி பிடித்து, அது அடைபடாமல் திறந்தபடியே நின்றுவிடும். சில நிமிடங்களிலே உருளை முழுவதும் காலியாகிவிடும். குளிர்நாட்டுச் சுழியோடிகள் இன்றும் இதற்கென்றே தனிப் பயிற்சி பெறுகின்றனர். பலர் இரண்டாவது மூச்சுக் கருவி ஒன்றையும் உடன் கொண்டு செல்கின்றனர்.

1950 களின் தொடக்கத்திலே அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஹியூ பிராட்னர் ஓர் எளிய உண்மையைக் கண்டார். உடல் நனையாமல் இருக்க வேண்டுமென்பதில்லை; சூடு வெளியேறாமல் இருந்தாற் போதும். நியோபிறீன் என்னும் செயற்கை இறப்பரின் நுரையினுள்ளே அடைபட்டிருக்கும் சின்னஞ்சிறு வாயுக் குமிழிகள் சூட்டைத் தடுத்து நிறுத்தும். இன்று நாம் படங்களிலே காணும் கறுப்பு உடை அதன் வழித்தோன்றலே. ஆயினும் ஆழத்திற்குப் போகப் போக அக்குமிழிகளும் நசுங்கும். முப்பது மீற்றரில் உடை மெலிந்து அதன் காப்புத் திறன் பெரிதும் குறைந்துவிடும். ஆகவேதான் ஆழமான குளிர்நீருக்கு, கழுத்திலும் மணிக்கட்டிலும் நீர் புகாமல் மூடி உள்ளே வளியும் கம்பளியும் கொண்ட உலர்உடையை நாடுகின்றனர்.

இனி வாசாவிடம் திரும்புவோம்.

சுவீடன் கடற்படை நிர்வாகத்திலே எரிபொருட் பொறியியலாளராகக் கடமையாற்றிய அன்டர்ஸ் பிரான்சேன் என்பவருக்குப் பழங்கப்பல்களிலே தீராத ஈடுபாடு. அவர் தொழில்முறை வரலாற்றாசிரியர் அல்லர். ஆனால் வரலாற்றாசிரியர் கவனியாத ஒன்றை அவர் கவனித்தார். சுவீடனின் மேற்குக் கரையிலே அகப்படும் கப்பல் மரங்கள் புழு அரித்துத் துளைதுளையாக இருந்தன. கிழக்கே பால்டிக் கடலிலோ அப்படியில்லை. மரத்தைத் தின்னும் கப்பற்புழுவுக்கு உப்பு நீர் வேண்டும்; பல ஆறுகள் வந்து கலக்கும் பால்டிக்கிலே உப்பு மிகக் குறைவு. அப்படியானால், உலகின் மற்றக் கடல்களிலே சில பத்தாண்டுகளில் அழிந்துபோகும் மரக்கலங்கள் இங்கே நூற்றாண்டுகளாக முழுமையாகக் கிடக்க வேண்டுமே!

இந்த ஒரு சிந்தனையே எல்லாவற்றுக்கும் மூலம். பிரான்சேன் ஆவணக் காப்பகத்திலே பழங் கடிதங்களைப் படித்தார். கோடைகாலங்களிலே சிறு படகிலேறித் துறைமுகத்தைக் கொளுக்கியால் துழாவினார். அகப்பட்டவை பழைய இரும்பு அடுப்புகள், சைக்கிள்கள், நத்தார் மரங்கள், செத்த பூனைகள் என்று பின்னர் அவரே நகைச்சுவையாக எழுதினார். சுற்றத்தார் சிரித்திருக்கக்கூடும். 1956 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், தாமே வடிவமைத்த ஒரு துளையிடு கருவியைக் கயிற்றிலே இறக்கி மேலே இழுத்தபோது, அதன் முனையிலே ஒரு துண்டு மரம் சிக்கியிருந்தது. கருங்காலி போலக் கறுத்த ஓக் மரம். நெடுங்காலம் நீருக்குள் கிடந்தாலன்றி ஓக் அப்படிக் கறுக்காது.

மரத்துண்டு சான்றாகலாம், ஆனால் கப்பலாகாது. யாராவது கீழே போக வேண்டும். கடற்படையின் தலைமைச் சுழியோடி பெர் எட்வின் பெல்டிங் தலைக்கவசமணிந்து இறங்கினார். அடியிலே சேறு, அதிலே மார்பளவு புதைந்தார். முழு இருட்டு, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மேலே தொலைபேசியிலே அதைத்தான் சொன்னார். சற்று நேரத்தின் பின், செங்குத்தான மரச்சுவர் போன்ற ஒன்று கைக்குத் தட்டுப்படுவதாக அறிவித்தார். சுவரைத் தடவிக்கொண்டே போனார். ஒரு சதுரமான திறப்பு, பீரங்கி வாயில். அதற்கு மேலே இன்னொரு வரிசைத் திறப்பு. இரு தட்டுகளிலே பீரங்கி கொண்டு அந்தத் துறைமுகத்திலே மூழ்கிய கப்பல் ஒன்றே ஒன்றுதான். வாசா கண்டுபிடிக்கப்பட்டது கண்ணால் அன்று. குளிரிலே விறைத்த விரல்களால்.

நேயர்களே, ட்ரைலேபனின் சுழியோடிகள் அதே மரத்தை அதே இருட்டிலே தடவி ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழிந்திருந்தன.  பெல்டிங்கின் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

கண்டுபிடித்தது சிறிய வேலை; தூக்குவதுதான் பெரிய வேலை. கப்பலின் அடியிலே இரும்பு வடங்களைக் கொடுத்துத் தூக்க வேண்டும். அதற்குக் கப்பலின் கீழாகச் சுரங்கம் தோண்ட வேண்டும். 1957 முதல் 1959 வரை கடற்படைச் சுழியோடிகள் ஆறு சுரங்கங்களைத் தோண்டினர். வேகமாக நீரைப் பீச்சும் குழாயால் களியைக் கரைப்பது. கரைந்த சேற்றை இன்னொரு குழாயால் உறிஞ்சி எடுப்பது. ஒரு மனிதன் ஊர்ந்து போகத்தக்க பொந்து. முன்னாலும் பின்னாலும் இருட்டு. தலைக்கு மேலே, அடிப்பாரக் கற்களோடு முந்நூறு ஆண்டுப் பழைமையான கப்பல். வளிக்குழாய் எங்காவது சிக்கினால் திரும்பிப் பார்க்கவும் இடமில்லை. குளிரோ நேரம் பார்த்து உடலுக்குள் ஊர்ந்துகொண்டிருக்கும்.

முதுகிலே உருளை சுமந்து சுதந்திரமாக நீந்தும் முறை அப்போது இருந்தும், இந்த வேலைக்குப் பழைய தலைக்கவச முறையையே அவர்கள் கைக்கொண்டனர். மேலிருந்து வளி இடையறாது வருவதும், தொலைபேசித் தொடர்பு இருப்பதும், உடல் உலர்ந்திருப்பதுமே இத்தகைய நீண்ட வேலைக்குப் பாதுகாப்பாக இருந்தன. ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட தடவைகள் அவர்கள் இறங்கினர் என்றும், எவருக்கும் பாரதூரமான விபத்து நேரவில்லை என்றும் வரலாறு கூறுகின்றது. வீரம் என்றதும் நாம் வேலையும் வாளும் நினைக்கின்றோம். ஒழுங்காக நேரம் பார்த்து, ஒருவர் கயிற்றை மற்றவர் காத்து, அவசரப்படாமல் வேலை செய்ததும் வீரந்தான் என்பேன்.

1959 இல் கப்பலைச் சேற்றிலிருந்து பெயர்த்து, படிப்படியாக ஆழங்குறைந்த இடத்துக்குக் கொண்டுவந்தனர். துருப்பிடித்துக் கரைந்துபோன இரும்பு ஆணிகளின் துவாரங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. சுழியோடிகள் நீருக்குள் நின்று அவற்றை ஒவ்வொன்றாக மரமுளை கொண்டு அடைத்தனர். 1961 ஏப்ரல் 24 ஆந் திகதி, 333 ஆண்டுகளின் பின், வாசா மீண்டும் சூரிய ஒளியைக் கண்டது.

கப்பலுக்குள்ளே என்ன இருந்தது? பீரங்கிகளைவிட என்னைக் கவர்ந்தது ஒரு கப்பலோட்டியின் மரப்பெட்டி. அதனுள்ளே அவனது தொப்பி, காலணி, தையற் சாமான்கள். கிழிந்ததைத் தைத்து உடுத்தலாம் என்று எடுத்துவந்த ஊசியும் நூலும். அரசனின் பெருமையைச் சொல்ல எழுநூறு சிற்பங்கள் இருந்தன. அந்தப் பெயர் தெரியாத மனிதனைப் பற்றிச் சொல்ல இந்தப் பெட்டி ஒன்றே இருந்தது. எமது வெதுவெதுப்பான கடலிலே அது சில ஆண்டுகளிலே இல்லாமற் போயிருக்கும். குளிரும், உப்புக் குறைந்த நீரும், நகரக் கழிவினால் ஒட்சிசன் அற்றுப்போன சேறும் சேர்ந்து அதைக் காத்தன.

மீட்டதோடு துன்பம் தீரவில்லை. நீர் காய்ந்தால் மரம் சுருங்கி வெடிக்கும். ஆகவே 1962 இலிருந்து பதினேழு ஆண்டுகள் ஒருவகை மெழுகுக் கரைசலை அதன்மேல் தெளித்தனர். 1990 இல் இன்றைய அரும்பொருட்சாலை திறக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டளவில், நெடுங்காலம் அழுக்கு நீரிலே கிடந்து மரத்துக்குள் ஊறிய கந்தகம் அமிலமாக மாறி வெளிப்படுவதைக் கண்டனர். குளிர்நீர் இலவசமாகச் செய்த காவலை, கரையிலே மனிதர் பெருஞ்செலவிலே செய்ய வேண்டியதாயிற்று.

இந்த அனுபவம் ஒரு பாடத்தைக் கற்பித்தது. வாசாவின் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க 'ஏப்லெட்' என்னும் கப்பல் 1629 இல் நீரிலே இறக்கப்பட்டு, 1659 இல் ஸ்டொக்ஹோமுக்கு அருகே வேண்டுமென்றே அமிழ்த்தப்பட்டது. 2021 இல் சுழியோடிகள் வக்ஸ்ஹோம் என்னுமிடத்தருகே ஒரு பெரிய கப்பலைக் கண்டனர். மரத்தின் வளையங்களை ஆராய்ந்து, 1627 இலே வெட்டப்பட்ட ஓக் மரத்தாற் கட்டப்பட்ட ஏப்லெட்தான் அது என 2022 இல் அறிவித்தனர். வாசாவைப்போல அது கரைக்கு வரவில்லை. அதைப் பார்க்க விரும்பும் ஆய்வாளர் உலர்உடை அணிந்து குளிருக்குள் இறங்குகின்றனர், அளக்கின்றனர், படமெடுக்கின்றனர், மேலே வந்து நடுங்குகின்றனர்.

குளிர்நீரிலே ஈடுபாடு கொண்டோர் தேடுவது கப்பல்களை மட்டுமன்று. குளிர்காலத்திலே நீரில் மிதக்கும் நுண்பாசிகள் குறைவதால் பல இடங்களிலே நீர் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். மேலே படகுகளின் இரைச்சலும் இல்லை. ஆனால் மேற்பரப்பு உறைந்திருந்தால் ஒரேயொரு துவாரந்தான் வாசல். கயிற்றை விட்டவனுக்கு மேலே இருப்பது வானமன்று, பனிக்கட்டிக் கூரை. அழகும் ஆபத்தும் அங்கே அருகருகே இருக்கின்றன.

அண்மைக் காலத்திலே ஒரு கவலையும் எழுந்திருக்கின்றது. பால்டிக்கின் தென்மேற்கு ஓரங்களிலே கப்பற்புழு தலைகாட்டத் தொடங்கியிருக்கின்றது. நீரின் தன்மை மாறினால் புழு மேலும் உள்ளே வரக்கூடும் என ஆய்வாளர் அஞ்சுகின்றனர். அப்படி நேர்ந்தால், இன்னும் எவர் கையும் படாமற் கிடக்கும் எத்தனையோ மரப்பெட்டிகளும் அவற்றுள்ளே கிடக்கும் தொப்பிகளும் அழிந்துபோகும்.

மறுவாரம் வகுப்பிலே இந்தக் கதையைச் சொன்னேன். "குளிருக்குள்ள எதைத் தேடிப் போகினம்?" என்று கேட்ட மாணவன் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். "எங்கட சுழியோடியள் முத்தெடுக்கப் போனவை. அவை அந்தத் தொப்பியையும் ஊசியையும் எடுக்கப் போனவை. முத்தைக் கடல் திரும்பவும் தரும். அந்த ஊசியை வேறெந்தக் கடலும் வைச்சிருந்து தராது. குளிர்தான் அதை வைச்சிருந்தது" என்றேன்.

அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்தப் பெட்டிக்காரன்ர பேர் என்ன, சேர்?" என்று கேட்டான். அந்தப் பெயரைக் குளிர் காக்கவில்லை என்று சொன்னேன். அவன் தன் கொப்பியிலே ஏதோ எழுதிக்கொண்டான்.